சட்டமும் அப்பத்தாவும்

முதுமையைச் சுமை என்பார் உளர். நானும் சில நாள் அப்படி நினைத்ததுண்டு. அப்பத்தாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஓடிவந்தாலும் செய்முறை வகுப்புக்குப் பிந்திவிடுவேன்.

முதியோரைப் பிள்ளைகள் பேண வேண்டுமென 2007-இல் சட்டமே வந்தது. வயது வந்த பேரன் பேத்தியரும் அதில் அடக்கம். இதை அப்பத்தாவிடம் சொன்னேன்.

"ஓகோ! போலீசுக்குப் பயந்துதான் கஞ்சி ஊத்துறியா?" என்று பொக்கை வாய் திறந்து சிரித்தாள். சலிப்பெல்லாம் பறந்தது. அன்றிரவும் மாத்திரையை விழுங்குமுன் மாரியாத்தாளை வேண்டினாள். தன் முழங்கால் வலிக்காக அன்று, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த என் தேர்வுக்காக!

சட்டம் கஞ்சிக்கு வழிசெய்யும். அந்தச் சிரிப்புக்கும் வேண்டுதலுக்கும் எந்தச் சட்டம் வழிசெய்யும்? தோழர்களே, இன்று வீட்டு முதியவர் அருகே பத்து நிமிடம் அமருங்கள்!

— இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு