ஓட்டைக் காலணாவும் இரவல் பதுங்குகுழியும்

தமிழ்ப் புதுக்கவிதையைத் திட்டுகிறவர்களும் அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். யுத்தம் இங்கே வரவில்லை என்பதே அது. ஐரோப்பாவில் இரண்டு உலக யுத்தங்கள் நடந்தன, மனிதன் சிதறினான், அந்தச் சிதறலிலிருந்து நவீன இலக்கியம் பிறந்தது. இங்கே அப்படி ஒன்றும் நடக்காததால் நம் விரக்தி இரவல் என்பது ஒரு கட்சி. விரக்திக்குத் தேசம் கிடையாது, அது மனித நிலை என்பது மறு கட்சி. இரண்டும் சோம்பேறித்தனம். இரண்டும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கும் அடிப்படையே பொய் என்பது என் கட்சி.

முதலில் பாஷையைக் கேளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிஷ வேலைதான். அந்தக் கப்பலின் பெயரைத் தமிழன் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சூட்டிவிட்டான்: ‘ஆள் சரியான எம்டன்.’ ஒரு போர்க்கப்பலைக் குணச்சொல்லாக மாற்றிப் புழங்கிய ஜனங்களை யுத்தம் தொடவில்லையாம். ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். 1943ல் நடுவில் துளையோடு அது வந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல. உலோகம் யுத்தத்துக்கு வேண்டியிருந்தது.

1942 ஏப்ரல் 5ந் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னை காலியாயிற்று. சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். வராத எதிரிக்குப் பயந்து தன் சிங்கங்களைத் தானே சுட்டுக்கொண்ட நகரம்! இதை காஃப்கா எழுதியிருந்தால் இதற்குள் மூன்று மொழிபெயர்ப்புகள் வந்திருக்கும். சென்னையில் நடந்துவிட்டதால் அது வெறும் செய்தி.

ஆனால் யுத்தம் இங்கே முக்கியமாகக் குண்டாக வரவில்லை. கணக்காக வந்தது. பாங்கில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் இதைச் சற்று நின்று சொல்கிறேன். 1939 செப்டம்பரில் நம்மில் யாரையும் கேட்காமல் வைஸ்ராய் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார். அடுத்த மாதம் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. சுமார் 2 லட்சம் பேர் இருந்த ராணுவம் 1945க்குள் 25 லட்சம் ஆயிற்று. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. பலருக்கு வயிறே ஆள்சேர்ப்பு அதிகாரி. தானியமும் துணியும் இரும்பும் யுத்தத்துக்குப் போயின. அதற்கான விலை லண்டனில் ஸ்டெர்லிங்காக நம் பெயரில் வரவு வைக்கப்பட்டது. அந்த வரவைக் காட்டி இங்கே நோட்டு அடித்தார்கள். 180 கோடி ரூபாய் அளவில் புழங்கிய நோட்டு யுத்தம் முடிவதற்குள் 1,100 கோடியைத் தாண்டியது. சரக்கு போய்விட்டது, காகிதம் மிஞ்சியது. விலை ஏறியது. 1943ல் வங்காளத்தில் 30 லட்சம் பேர் வரை செத்தார்கள். நம் வீடுகளுக்குள் ‘ரேஷன்’ என்ற சொல் வந்தது. பதுங்குகுழியைத் தேடுகிற விமர்சகன் கண்ணுக்கு இந்த வரிசை தெரியாது.

பி.ஏ.யில் எனக்கு எலியட்டின் ‘பாழ் நிலம்’ பாடம். 1922ல் வந்த அந்தக் கவிதையை விளக்கச் சொம் போர்க்களத்தைப் பற்றி இரண்டு வகுப்பு நடந்தது. எலியட் போர்முனைக்கே போகாதவர் என்பது சொல்லப்படவில்லை. 1917 முதல் 1925 வரை அவர் லாயிட்ஸ் பாங்கில் குமாஸ்தா. யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியோடு தீர்க்க வேண்டியிருந்த கடன் விவகாரங்கள் அவர் மேஜைக்கு வந்தன. யுத்தத்தைப் பேரேட்டில் பார்த்தவன் எழுதிய கவிதையைக் காட்டி, பதுங்குகுழி பார்க்காத நமக்கு நவீனத்துவம் இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?

நான் இருக்கும் திருத்தணிக்குப் பக்கத்து ஊர் அரக்கோணம். யுத்த காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். 1992ல் அது ராஜாளி என்ற கடற்படைத் தளமாயிற்று. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்ததும், அதற்கு ம.பொ.சி. போராடியதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஓடுதளம் எந்த யுத்தத்தில் போட்டது என்று கேட்டால் பதில் வராது. எல்லைக்கு மேடை இருந்தது, தலைவர் இருந்தார், கோஷம் இருந்தது. மேடை ஏறாத சரித்திரம் நம் ஞாபகத்தில் தங்குவதில்லை. எழுத்தாளனும் மேடையின் ஞாபகத்தையே தன் ஞாபகமாக வைத்துக்கொண்டால் அவன் எதற்கு?

எழுதினவர்கள் இல்லாமல் இல்லை. வெ. சாமிநாத சர்மா 1942ல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பி அதை எழுதி வைத்தார். சயாம் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். 1957ல் வந்த குவாய் நதிப் பாலப் படத்தில் பிரிட்டிஷ் கைதிகளின் மானம் இருக்கிறது. அந்தத் தமிழ்க் கூலியின் பிணம் இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. எத்தனை பேர் படித்தோம்? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972ல் அச்சாகியும் நெடுநாள் பேச ஆளில்லாமல் கிடந்தது. அதே வருஷங்களில் நம் பத்திரிகைகள் காம்யுவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. காம்யு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிங்காரம் கண்ணில் படாததற்குக் காம்யு மேல் பழி போட முடியாது என்கிறேன்.

இது சரித்திரம், இலக்கியம் ஆகாது என்று ஒரு ஆட்சேபம் வரும். நான் யுத்த நாவல் கேட்கவில்லை. இனிமேல் ஆளுக்கொரு யுத்தக் கவிதை ஜோடிக்கவும் வேண்டாம். நான் கேட்பது உருவத்தைப் பற்றி. குண்டாக வந்த யுத்தம் ஒரு உருவத்தைக் கேட்கும். விலையாகவும் வரிசையாகவும் வந்த யுத்தம் வேறொன்றைக் கேட்கும். ஈழத்தில் 2009 வரை யுத்தத்துக்குள் இருந்து எழுதிய கவிஞர்கள் சொல்லுக்கு எங்கும் போகவில்லை. ‘பங்கர்’, ‘செல்’, ‘இடம்பெயர்வு’ எல்லாம் கிணறு, முற்றம் மாதிரிக் கவிதைக்குள் வந்து உட்கார்ந்தன. யாரும் இரவல் என்று சொல்லத் துணியவில்லை.

நமக்குக் கிடைத்தது ஓட்டைக் காலணா. அதன் துளை வழியாகப் பார்த்தால் ரங்கூனிலிருந்து நடந்து வருகிறவர்களும் ரேஷன் வரிசையும் தெரியும். அதை உண்டியலில் போட்டுவிட்டு, அடுத்தவன் பதுங்குகுழியில் இறங்கி நின்று குளிர்கிறது என்று எழுதுவதுதான் இரவல்.