நண்டு போகுது, ஓரம்போ!

கார் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும், ஜாக்கி இருக்கும். கிறிஸ்துமஸ் தீவுக்காரர்கள் தோட்டத்தில் சருகு வாரும் வாரியையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். மழை தொடங்கினால் அதற்குத்தான் வேலை!

ஜாவாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவு இது. 135 சதுர கிலோமீட்டர். மக்கள் 2,000 பேர்கூட இல்லை. காட்டில் இருக்கும் சிவப்பு நண்டுகளோ கோடிக்கணக்கில்!

முதல் மழை விழுந்ததும் அத்தனையும் கடலுக்குக் கிளம்பிவிடும். சாலை, வாசல், தோட்டம் எதுவும் கணக்கில்லை. கதவு திறந்திருந்தால் ஹாலுக்கே வந்துவிடும். காரில் போகிறவர் இறங்கி, நண்டுகளை வாரி ஒதுக்கி, பத்தடி நகர்ந்து, மறுபடி இறங்க வேண்டும். அலட்சியமாக ஏற்றினால் ஓடு குத்தி டயர் பஞ்சராகும். நியாயம்தானே! சில சாலைகளை மூடியே விடுகிறார்கள். நண்டுகளுக்கென்று மேம்பாலமும் உண்டு.

தேய்பிறை நாளில், விடியுமுன், ஏறிய கடல் இறங்கும் நேரம் பார்த்துப் பெண் நண்டு முட்டைகளை உதறும். ஒன்றுக்கு 1 லட்சம் வரை. பஞ்சாங்கம் தோற்றது!

இவற்றுக்கு எமனாக வந்தது, வெளியிலிருந்து தீவுக்குள் நுழைந்த மஞ்சள் பைத்திய எறும்பு. அமிலத்தைப் பீய்ச்சியே கோடிக்கணக்கான நண்டுகளைக் கொன்றுவிட்டது. எறும்புக்கு இனிப்புச் சாறு தருவது செதில் பூச்சி. அதை ஒழிக்க 2016-ல் மலேசியாவிலிருந்து குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கடலுக்குப் போன முட்டைகளில் குஞ்சுகள் எல்லா வருஷமும் கரை திரும்புவதில்லை. திரும்பும் வருஷம், விரல் நகத்தைவிடச் சிறிய நண்டுகளால் கரையே சிவந்துவிடும். அப்போது வாரி உதவாது. வாசல்படியில் காலை எடுத்துவைக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டும்.