வாய்ச்சொல்லை நம்பி வாழ்வை இழப்பதோ?

கண்டி நீதிமன்ற வாயிலில் கைக்குழந்தையுடன் நின்ற ஓர் இளம்பெண்ணை அண்மையில் கண்டோம். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆடைத் தொழிற்சாலையில் வேலை தேடிக் கொழும்புக்குச் சென்றவள். மணம் முடிப்பதாகக் கூறிய ஒருவனின் சொல்லை நம்பியவள். “எழுத்தில் ஏதேனும் தந்தானா?” என்று வினவினோம். “வாயால சொன்னது போதாதா, ஐயா?” என்று அவள் எம்மையே திருப்பிக் கேட்டாள்.

போதாது என்பதே இந்நாட்டுச் சட்டம் தரும் விடை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, வாக்குறுதி அளித்தான் என்பதற்காக எவனையும் மணம் புரியுமாறு நீதிமன்றம் பணிக்க முடியாது. வாக்குறுதியை மீறியமைக்கு நட்டஈடு கோருவதாயினும் அவ்வாக்குறுதி எழுத்தில் இருத்தல் வேண்டும். கண்டிச் சிங்களவருக்கு 1952இல் இயற்றப்பெற்ற தனி விவாகச் சட்டம் உண்டு. ஆனால் மலைநாட்டில் வாழும் இந்து, கிறித்தவத் தமிழருக்கு உரியது மேற்கூறிய பொதுச் சட்டமே. நிலவொளியில் செய்த சத்தியத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை!

பிறக்கும் பிள்ளையின் கதி என்ன? 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், மணமாகாதார் பெற்ற பிள்ளைக்கும் தந்தையிடம் தாபரிப்புக் கோரும் உரிமையை வழங்குகின்றது. நல்லதொரு சட்டம், மறுக்கவில்லை. ஆயினும் இன்னானே தந்தை என்பதை நீதவான் ஏற்கும் வண்ணம் நிறுவுதல் வேண்டும். அதற்காகக் கூலியை இழந்து தவணைக்குத் தவணை படியேறுபவள் அப்பெண்ணே. கருவைக் கலைப்பதோ, தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துடன் அல்லாவிடில், தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி குற்றமாகும். இருவர் செய்த செயலுக்கு ஒருத்தி மட்டுமே சுமை தாங்குகின்றாள்.

இளைஞர்களும் ஒன்றை உணர்தல் நலம். 1995ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்னர், பதினாறு வயது நிரம்பாத பெண் இசைந்தாள் என்பது நீதிமன்றத்தில் ஒரு விடையாகாது; அது பாலியல் வல்லுறவுக் குற்றமே. திருமண வயது பதினெட்டு ஆக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். காதல் என்று நினைத்துச் சிறை சென்ற பின் கண்ணீர் வடித்து என்ன பயன்?

“இவையெல்லாம் பழம் பஞ்சாங்கம், காதலைப் போற்றிய இனம் தமிழினம் அல்லவா?” என்று எம்மை நோக்கி நகைப்போர் உளர். ஆம், போற்றிய இனமே! களவொழுக்கத்திற்கு இலக்கணம் வகுத்தவன் தமிழன். ஆனால் அந்தத் தொல்காப்பியமே, காதலித்தோரிடையே பொய்யும் பிழையும் புகுந்தமையால் மூத்தோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினர் என்று காரணமும் கூறுகின்றது. அகநானூற்றின் 256ஆம் பாட்டில், ஒரு பெண்ணின் நலத்தை நுகர்ந்தபின் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தவனைக் கள்ளூர் அவையத்தார் சாட்சிகளை விசாரித்து, மரக்கிளையிற் கட்டி, தலையில் நீற்றைச் சொரிந்த செய்தி வருகின்றது. ஆகவே திருமணம் என்பது காதலுக்கு இட்ட விலங்கன்று. சொன்ன சொல்லுக்கு ஊரையே சாட்சியாக்கிய ஏற்பாடு. அச்சாட்சி கிட்டும்வரை உடலுறவைத் தவிர்த்திருங்கள் என்று கூறுவது பிற்போக்காகுமா?

பெற்றோரை நோக்கியும் சில சொல்லவேண்டியுள்ளது. பொறுத்திரு என்று பிள்ளைகளுக்கு உபதேசிக்கும் நாம், அவர்கள் பொறுத்திருக்கத்தக்க நிலையை உண்டாக்கியுள்ளோமா? பேராதனைப் பல்கலைக் கழகத்திற் பயின்று பட்டம் பெற்ற மகனுக்கு வீடும் ரொக்கமும் சீதனமாகக் கேட்கும் கனவான்கள், மறுபுறம் இளைஞரின் ஒழுக்கக் கேட்டைப் பற்றி மேடையேறிப் பேசுவது வெட்கக்கேடு! காணியை ஈடுவைத்தும் மகளைக் கரைசேர்க்க முடியாத விவசாயியின் வீட்டில், முப்பது வயதிலும் முதிர்கன்னியாக இருப்பவளிடம் இன்னும் எத்தனை ஆண்டு பொறுமையை வேண்டுவது? சீதனத்தை ஒழிக்காமல் ஒழுக்கத்தைக் காக்கப் புறப்படுவது, வேலியைப் பிரித்துவிட்டுப் பயிருக்குக் காவல் இருப்பதை ஒக்கும்.

மேலும், கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் விதித்த வரியன்று. மகளை வீட்டுக்குள் பூட்டிவைத்து, மகனை “ஆம்பிளைப் பிள்ளைதானே” என்று அவிழ்த்துவிடும் வீடு, மற்றொருவர் வீட்டு மகளுக்குக் குழி தோண்டுகின்றது. வஞ்சிக்கப்பட்டவளையோ பலாத்காரத்துக்கு ஆளானவளையோ தூற்றும் நாவும் எமக்கு வேண்டாம். அவள் செய்தது நம்பியது ஒன்றே. அல்லது எதுவுமே இல்லை. தாய்வீட்டுக் கதவு அவளுக்கு எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும். அடிக்கு அஞ்சி வாய் திறவாத பிள்ளையே, அந்தரங்கப் படத்தைக் கைத்தொலைபேசியிற் காட்டி மிரட்டுபவனின் பிடியில் மேலும் மேலும் சிக்குகின்றது.

எனவே, கண்டியிலும், மாத்தளை, கம்பளை, புசல்லாவைப் பகுதிகளிலும் உள்ள கோவில் அறங்காவலரையும், ஆசிரியரையும், தோட்டத் தலைவர்களையும் வேண்டுகின்றோம்: வேலைக்கோ படிப்புக்கோ புறப்படும் பிள்ளைகளை அழைத்து இச்சட்டங்களை ஒளிவு மறைவின்றிச் சொல்லிக்கொடுங்கள். தாலி கட்டும் நாளிலேயே விவாகப் பதிவும் நிகழச் செய்யுங்கள். குடியுரிமைக்காகப் போராடிய காலத்தில், காட்டுவதற்குக் கையில் ஒரு பத்திரம் இல்லாமையால் எம்மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா?

இளம் நண்பர்களே! காதலிக்க வேண்டாமென்று நாம் கூறவில்லை. உடலைத் தருமுன் உறவுக்கு ஓர் உறுதியைக் கேளுங்கள் என்றே கூறுகின்றோம். மணப்பேன் என்று இரவில் உன்னிடம் சொல்பவன், அதையே பகலில் உன் பெற்றோர் முன்னும் பதிவாளர் முன்னும் வந்து சொல்லட்டும். சொன்னபின் இல்லறம் தொடங்கட்டும். அதற்கு அஞ்சுபவன் உனக்கு ஏற்றவன் அல்லன்.