தள்ளி நிற்க நிலம் வேண்டும்

2020 மே தினம் வந்தது. அந்த வருடம் ஊர்வலம் இல்லை, மேடை இல்லை, பஸ் பிடித்து டவுனுக்குப் போவதும் இல்லை. அதற்கு முந்திய ஒன்றரை மாதமாக நாடு முழுக்க ஒரே பேச்சாகத்தான் இருந்தது: வீட்டுக்குள் இருங்கள், ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், கையைக் கழுவுங்கள். ஆகவே நாமும் வீட்டைப் பற்றியே பேசுவோம்.

இதை மன்னார் தீவிலிருந்து எழுதுகிறோம். மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதும், பெரியப்பாவின் 31ஆம் நாள் காரியத்துக்காகப் பிள்ளைகளோடு பேசாலைப் பக்கம் வந்தோம். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வடக்கே வந்த குடும்பம் அவருடையது. நான்கு நாளில் திரும்புவதாக இருந்தோம். மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். மாவட்ட எல்லை தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. பங்குனி வெயிலையும் சித்திரை வருடப்பிறப்பையும் இங்கேயே கழித்தோம்.

அண்ணன் வீடு பெரிய வீடு அல்ல. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்பக்கம் குசினி. ஆனால் அதைச் சுற்றி வளவு இருக்கிறது. பனையோலை வேலி, ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். ஊரடங்கு போட்ட மறுநாளே அண்ணி படலையடியில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்துவிட்டார். சங்கக்கடைக்குப் போய் வந்தாலும் சரி, கரைக்குப் போய் வந்தாலும் சரி, கைகால் கழுவித்தான் உள்ளே வரவேண்டும். பக்கத்து வீட்டார் மீன் கொடுப்பதென்றால் வேலிக்கு மேலால் கடகத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள். காலையில் பிள்ளைகள் வேப்பமர நிழலில் ஆளுக்கொரு மூலையில் கொப்பியோடு உட்கார்ந்தார்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு எல்லாம் கோயில் பூட்டியபடியே போயின. ஊரார் அவரவர் முற்றத்தில் முழங்காலில் நின்று செபம் சொன்னார்கள்.

இவர்கள் கஷ்டப்படவில்லை என்று சொல்லவில்லை. கடலுக்குப் போகலாம் என்றார்கள், ஆனால் மீன் ஏற்ற வெளியூர் லொறி வரவில்லை. வாங்க ஆளில்லாத மீனைக் கீறி உப்புப் போட்டுக் கருவாடாக்கினார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிற வீடுகளில் அடுப்பெரிவதே பாடாக இருந்தது. ஆனாலும் அதிகாரிகள் “தள்ளி நில்லுங்கள்” என்று சொன்னபோது, தள்ளி நிற்க இவர்களிடம் இடம் இருந்தது.

அந்த நாட்களில் இரவு எட்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து அம்மாவின் போன் வரும். ஒருநாள் அவர் சொன்னது இது:

“கொழும்புல கடையில நின்ன பக்கத்துக் காம்பரா பையன் வந்துட்டான்பா. பதினாலு நாளு தனியா வைக்கணும்னு சொல்லிட்டுப் போறாங்க. எங்க வைக்கிறது? அவன இஸ்தோப்புல படுக்க வச்சுட்டு, அவங்க அம்மா விடிய விடிய வாசல்ல உட்கார்ந்திருக்கா.”

நம்மில் பலர் இன்னும் இருப்பது 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 சதுர அடி. அதில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் போக மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சத்தில் ஐந்து பேர், ஆறு பேர். ஒரு மீட்டர் என்றால் மூன்றேகால் அடி. இரவில் பாய் விரித்தால் ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும். பீலியும் கக்கூஸும் பல வீட்டுக்குப் பொது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைத் தனியாக வை என்பது யாராலும் நிறைவேற்ற முடியாத கட்டளை. பிறகு, “தோட்டத்து ஆட்களுக்கு ஒழுங்கு தெரியாது, சொன்னால் கேட்க மாட்டார்கள்” என்று பேச்சு வேறு வருகிறது. கேட்கத்தான் ஆசை. எந்த இடத்தில் நின்று கேட்பது?

வீட்டுக்குள் இருக்கும் உரிமையாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. நாடு கதவைச் சாத்திக்கொண்டபோது, தோட்ட வேலைக்கு ஊரடங்கு தடையில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கொழுந்து நிற்காது, ஏற்றுமதி நிற்கக்கூடாது, சரிதான். வேலை நடந்ததால் சம்பளமும் வந்தது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தள்ளி நிற்க யார் ஏற்பாடு செய்தது? மலையில் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் யார் வைத்தது? 2020 மார்ச் 1 முதல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று அந்த ஜனவரியில் சொன்னார்களே, அது அப்போது வந்ததா? நாட்டுக்கு நாம் அத்தியாவசியம் என்றால், நம் கூலியும் நம் உடம்பும் அத்தியாவசியம்தான்.

இங்கிருந்து மேற்கே போனால் தலைமன்னார். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்கும், அந்த ஊரடங்கு நாட்களில் அதுவும் இல்லை. அந்தத் துறைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டிகளில் பலர் அதில் வந்து இறங்கியவர்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவர்களை மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். அதற்கும் முந்திய தலைமுறை தோணியில் இந்தக் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

முகாமில் வைத்துச் சோதித்ததைக் குறை சொல்லவில்லை, தொற்று நோய்க்கு அது தேவைதான். ஆனால் அன்று அவர்கள் கவலைப்பட்டது நோய் தோட்டத்துக்குள் வந்துவிடுமே என்றுதான். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் அதே ஆட்களை ஒரு காம்பராவுக்குள் நெருக்கி அடைத்தார்கள். கப்பல் போய்விட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்துவிட்டது. லயம் மட்டும் நிற்கிறது.

தனி வீடு வராமல் இல்லை. 7 பேர்ச் காணியில் கட்டிய இந்திய வீடுகளில் குடிபோனவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். வந்த வீட்டை வரவேற்போம். ஆனால் இந்த வேகத்தில் போனால் இன்னும் எத்தனை நோய் வந்து போகும்? அத்துடன், வீடு தருவது தயவு என்று பேசும் பழக்கத்தையும் இந்தப் பங்குனியோடு விட்டுவிட வேண்டும். சொந்தக் காணி இல்லாதவனால் சுகாதார அதிகாரியின் சொல்லைக்கூடக் கேட்க முடியாது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் நாம் உடனடியாகக் கேட்க வேண்டியவை நான்கு. வெளியூரிலிருந்து திரும்பும் பிள்ளைகளைத் தனியாக வைக்கத் தோட்டத்துப் பாடசாலையையோ, பூட்டிக்கிடக்கும் பங்களாவையோ திறந்து சாப்பாடு கொடுங்கள். பிரட்டையும் கொழுந்து நிறுவையையும் பிரித்துப் பிரித்து நடத்துங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் தண்ணீர்க் குழாயும் சவர்க்காரமும் கொடுங்கள். தனிமைப்படுத்தப்பட்டு வேலைக்கு வர முடியாதவருக்கு அந்த நாட்களின் பேரைப் போடுங்கள். இவற்றுக்கு மேலாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியோடு காணி.

கேட்பதற்குக் கணக்கு வேண்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் எத்தனை காம்பரா, எத்தனை பேர், எத்தனை குழாய், எத்தனை கக்கூஸ் என்று எழுதுங்கள். வீட்டிலிருக்கும் பெரிய பிள்ளைகளை வைத்து எழுதுங்கள், பாடசாலை இல்லாத நாளில் அதுவும் ஒரு கணக்குப் பாடம். அம்மா தன் லயத்துக் கணக்கை நேற்றே போனில் சொல்லிவிட்டார்: 12 காம்பரா, 61 பேர், 2 குழாய், 4 கக்கூஸ். மற்றக் கணக்குகள் மே மாதத்துக்குள் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேரட்டும்.