எல்லைக்கோட்டைத் தாண்டும் வண்டல்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு அப்பால், ஹெக்கேட் நீரிணையிலும் குயின் சார்லட் சவுண்டிலும் உள்ள கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள் 2017 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 2,410 சதுர கிலோமீட்டர். பெரிய சாதனைதான். ஆனால் பாதுகாப்பு என்பதை வரைபட எல்லையாக மட்டும் பார்க்கும் பழக்கத்தை நம் கடல் பாதுகாப்புத் துறை இன்னும் விடவில்லை.

ஜுராசிக் காலப் புதைபடிவங்களாக மட்டுமே அறியப்பட்டிருந்த இவ்வகைப் பெருந்திட்டுகளின் தடயம், 1987இல் கடலடியை ஒலியலைகளால் ஆராய்ந்தபோது இங்கே கிடைத்தது. வயது சுமார் 9,000 ஆண்டுகள். இறந்த பஞ்சுகளின் சிலிக்கா கூட்டில் இளம் பஞ்சுகள் பற்றி வளர்கின்றன. நீரோட்டம் கொண்டுவரும் நுண்வண்டல் இடைவெளிகளை நிரப்பிக் கூட்டை இறுக்குகிறது. இப்படிச் சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த திட்டுகளில்தான் ராக்ஃபிஷ் குஞ்சுகளும் இறால்களும் ஒதுங்கி வாழ்கின்றன.

வண்டல் இல்லாமல் இந்தத் திட்டு எழாது. அளவு மீறினால் அதே வண்டல் அதைக் கொல்லும். கண்ணாடிப் பஞ்சின் உடல், செல்சவ்வுப் பிரிவில்லாத தொடர்திசு. துகள் மிகுந்த நீர் பட்டதும் மின்துடிப்பு உடலெங்கும் ஓடி, நீரிறைப்பு நின்றுவிடுகிறது. நீரிறைப்பு நின்றால் பாக்டீரியாவை வடிகட்டி உண்பதும் நிற்கும். கலங்கல் நீடித்தால் பஞ்சு பட்டினி கிடக்கும்.

அடிமட்ட இழுவலை திட்டைத் தொடாமலே இந்தக் கலங்கலை உண்டாக்கும். அது கிளப்பும் சேற்றை நீரோட்டம் வெகுதூரம் எடுத்துச் செல்கிறது. 1999இல் மீனவர்கள் தாமாக ஒதுங்கியதும், 2002இல் இழுவலைக்குத் தடை வந்ததும் நேரடிச் சிதைவைக் குறைத்தன. மிதந்து வரும் சேற்றைத் தடுக்க, திட்டைச் சுற்றியும் இடம் வேண்டும். 2017 அறிவிப்பு மையப் பகுதியைச் சுற்றித் தகவமைவு மேலாண்மை மண்டலம் வகுத்தது இதனால்தான் முக்கியமானது.

அந்த மண்டலத்தின் அகலத்தை நீரோட்டமும் வண்டலின் தன்மையும் தீர்மானிக்கட்டும். பஞ்சுகளின் எண்ணிக்கையோடு நீரின் கலங்கலையும் நீரிறைப்பையும் தொடர்ந்து அளப்போம். புதிதாக அனுமதி கேட்பவரே தீங்கில்லை என்பதற்குச் சான்று தரட்டும். நொறுங்கிய திட்டு நம் ஆயுட்காலத்தில் மீளாது. ஐயம் எழுந்தால் முடிவு திட்டின் பக்கமே இருக்க வேண்டும்.