தோலைப் பிணித்தது, ஆற்றைக் கெடுத்தது

வாழைப்பிஞ்சைக் கடித்தவுடன் நாக்குச் சொரசொரத்துப் போகின்றதே, ஏன்? காயிலுள்ள துவர்ப்பொருள் எச்சிலின் புரதத்தைப் பற்றித் திரளச் செய்கின்றது. நாவின் வழவழப்பு நீங்குகின்றது. ஆவாரம்பட்டை நீரில் ஊறிய ஆட்டுத்தோல் அழுகாது நிலைப்பதற்கும் இதுவே அடிப்படை. தோலிலுள்ள கொலாசன் என்னும் புரத இழைகளைத் துவர்ப்பொருள் ஒன்றோடொன்று பிணித்துவிடுகின்றது. இழைக்கும் இழைக்கும் பாலமிடும் இத்தகு பொருளைக் குறுக்கிணைப்பான் என்க. பெயர்தான் புதிது, வினை தோல் பதனிட்ட தமிழர்க்கு நெடுநாள் பழகியது.

பட்டைப் பதனீட்டுக்குக் கிழமைகள் பல வேண்டும். 1884-இல் அமெரிக்காவில் அகசுடசு சூல்சு என்பார் குரோமிய உப்பாற் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்றை நாளில் அம்முறை திருந்தவே, கிழமைக்கணக்கு ஓரிரு நாளாய்ச் சுருங்கிற்று. குரோமியம் புரதத்தின் காடிமுனைகளை இறுகப் பற்றும். பதனிடாத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை வெப்பநீரிலேயே சுருங்கும். குரோமியம் ஏறிய தோலோ கொதிநீரையும் தாங்கும். வணிகர்க்கு வேறென்ன வேண்டும்? ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையெங்கும் பதனிடு பீப்பாய்கள் உருண்டன.

ஆயின், இட்ட குரோமியம் முழுவதும் தோலிற் பிணைந்ததா? இல்லை. வழக்கமான முறையில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் ஏறும். எஞ்சியது கழிவுநீரோடு போம். பச்சைத்தோல் அழுகாதிருக்க இட்ட உப்பும் உடன்செல்லும். பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்தன, விளைநிலம் பாழ்பட்டது. 1996-இல் உச்ச நயன்மைமன்றம், கெடுத்தவனே ஈடுசெய்க என்னும் நெறியை நிறுவி, தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் தொழிற்கூடங்களுக்குத் தலைக்கு 10,000 உருபா தண்டம் இட்டது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் அமைப்பும் வேண்டுமென்றது. பத்தாயிரம் உருபா! ஒரு கிணற்றைத் தூரெடுக்கவேனும் போதுமோ? 2025 சனவரியில் அதே ஆற்றின் பொருட்டு அம்மன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்ததென்றால், முன்னைத் தீர்ப்பு எவ்வளவு நிறைவேறிற்று என்பதை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

குறுக்கிணைப்புத் தன்னளவில் தீதன்று. தோல் பதனிடவும் பயன்படும் குளூட்டரால்டிகைடு என்னும் பொருளாலேயே பன்றியின் நெஞ்சாங்குலை இதழைப் பதப்படுத்தி, மாந்தர் நெஞ்சிற் பொருத்தி உயிர் காக்கின்றனர். தொழிலை இழுத்து மூடுவதும் விடையாகாது. அதை நம்பி உண்ணும் குடும்பங்கள் மிகப் பல. 1948-இல் சென்னையில் தோன்றிய நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம், நீரின்றிக் குரோமியம் ஏற்றும் முறையையே கண்டுள்ளது.

அறிவு ஆய்வகத்தில் உண்டு. பீப்பாயருகே நிற்கும் தொழிலாளிக்கு அது எம்மொழியிற் சென்றது? பதனீட்டுக்குரிய மூவிணைதிறக் குரோமியம் எது, புற்று விளைக்கும் ஆறிணைதிறக் குரோமியம் எது என்பதை அவன் தன் மொழியிற் படித்தறிய வேண்டாமா? வேதிப்பொருள் மூட்டைமேல் தமிழ் எழுதப்பெறல் வேண்டும். கழிவுநீரில் எஞ்சிய குரோமியத்தின் அளவும் உப்பின் அளவும் திங்கள்தோறும் ஆற்றங்கரை ஊராட்சி மன்றங்களின் வாயிலில், உழவர் படிக்கும் தமிழில் ஒட்டப்பெறல் வேண்டும்.