மண்ணிலுள்ள மூலதனம்

சாந்தோம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழைய மரத்துண்டைத் தொட்டால் உதிர்ந்துவிடும். நைலான் வருவதற்கு முன் பருத்தி வலையை நம்பியிருந்த மீனவர்கள், வலைக்கு மரப்பட்டைச் சாயம் ஏற்றியதும் இந்த இற்றுப்போதலுக்கு அஞ்சியே. பூஞ்சைக் காளானும் பாக்டீரியாவும் மரத்தையும் நூலையும் உணவாகக் கொள்கின்றன. வாயில்லாத அவ்வுயிர்கள் உணவைக் கரைப்பதற்குத் தம்மிலிருந்து வெளியிடும் பொருளே நொதி, அதாவது என்சைம்.

அழிக்கும் பொருள் ஆக்கத்திற்கும் உதவும். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. அதனை ஆராய்ந்தபோது கிடைத்த காளானே 1977இல் டிரைக்கோடெர்மா ரீசி என்னும் பெயர் பெற்றது. அதன் வழித்தோன்றல்கள் இன்று ஆலைகளுக்குச் செல்லுலேஸ் நொதியைத் தருகின்றன. துணியின் பிசிறை நீக்க அது பயன்படுகிறது. பாவில் ஏற்றிய கஞ்சியை அகற்றுவது பாக்டீரியா தரும் அமைலேஸ்.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. சேப்பாக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும், ஃபூசேரியம் காளான் பருத்திச் செடியை வாடச் செய்யும் விதத்தை 1950களில் ஆராய்ந்தனர்.

புதிய நொதியைத் தேடுவது எங்ஙனம்? மண்ணைக் கரைத்து, மாவுச்சத்துக் கலந்த கூழ்த்தட்டில் இட்டுக் கிருமிகளை வளர்க்கிறார்கள். பின்னர் அயோடின் ஊற்றினால் தட்டு முழுதும் நீலமாகும். அமைலேஸ் சுரக்கும் கிருமியைச் சுற்றி மட்டும் நீலமற்ற வளையம் தோன்றும். ஆனால் கண்டெடுத்தது பாதி வேலையே. எவ்வளவு உஷ்ணத்தில், எவ்வளவு அமிலத்தன்மையில், எத்தனை நேரம் அது வேலை செய்யும் என்று அளந்தறிதல் மறுபாதி.

இந்த மறுபாதியே நெசவாளருக்கு முக்கியம். செல்லுலேஸ் பருத்தியையே உண்பது; அளவும் நேரமும் மிஞ்சினால் பிசிறோடு துணியின் வலுவும் போகும். ஆதலால் உஷ்ணம், அமிலநிலை, அளவு, நேரம் ஆகியவை தமிழில் எழுதப்படாத நொதிப் பொட்டலத்தைச் சங்கங்கள் வாங்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். கஞ்சி முற்றும் அகன்றதா என்பதை ஒரு சொட்டு அயோடினே காட்டிவிடும்.

மற்றொன்றும் உண்டு. 1966இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் எடுத்த பாக்டீரியாவின் நொதி, மரபணுவைப் படியெடுக்கும் முறைக்கு ஆதாரமாயிற்று. அம்முறையின் உரிமைகள் 1991இல் 30 கோடி டாலருக்கு விலைபோயின. பூங்காவுக்கு அதில் ஒரு காசும் கிட்டவில்லை. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் நுண்ணுயிர்களையும் உட்கொண்டது. பயனில் பங்கு பெறவும் வழி செய்கிறது. அதனைச் செயற்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு மண் கொடுக்க மறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, மனமுவந்து கொடுப்போம். ஆனால் எந்த வயலின் மண், யாருக்கு, எதற்காக என்பதைச் சங்கப் பதிவேட்டில் எழுதி, கையொப்பம் பெற்றே கொடுப்போம். கூலிக்கும் விளைச்சலுக்கும் கணக்கு வைக்கக் கற்ற நாம், மண்ணிலுள்ள மூலதனத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா?